5.56, 7.62, 12 போர்... கேம்ல தெரியும், நிஜத்துல? தோட்டாக்கள் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை!

'டேய், 7.62 இருந்தா டிராப் பண்ணுடா!' நைட் 11 மணிக்கு மேல் பக்கத்து ரூமிலிருந்து இந்தக் குரல் கேட்டால், உங்க வீட்டிலும் ஒரு பி.ஜி.எம்.ஐ பிளேயர் இருக்கிறார்னு அர்த்தம். 5.56, 7.62, 9 எம்.எம் என்று தோட்டா நம்பர்களை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை இது. ஆனால், அந்த நம்பர் எதைக் குறிக்கிறது, தோட்டா எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

'நமக்கு எதுக்கு பாஸ் இதெல்லாம்? நாம என்ன துப்பாக்கியா வாங்கப்போறோம்?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால், ஏர்போர்ட் ஸ்கேனரில் ஒரே ஒரு பழைய தோட்டா தெரிந்து வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியைத் தொடாமலே, எங்கிருந்தோ வந்த குண்டுக்கு உயிரை இழந்த சிறுவன் நம்ம புதுக்கோட்டையில் இருந்தான். அதனால் இதை பொது அறிவுன்னு மட்டும் நினைக்காதீங்க. வாங்க, அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

தோட்டா வேற, குண்டு வேற!

'உடலில் மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன' என்று செய்திகளில் படித்திருப்போம். உண்மையில் பாய்வது தோட்டா அல்ல, குண்டு. தோட்டா என்பது ஒரு முழு பேக்கேஜ். அதில் நான்கு பாகங்கள் இருக்கின்றன.

1. கேஸ்: வெளியே தெரியும் பித்தளைக் கூடு. மற்ற மூன்றையும் பிடித்துவைத்திருப்பது இதுதான்.

2. பிரைமர்: கூட்டின் அடிப்பாகத்தில் இருக்கும் சின்ன வட்டம். அடித்தால் தீப்பொறி கிளம்பும் ரசாயனம் இதற்குள் இருக்கும்.

3. வெடிமருந்து: கூட்டுக்குள் இருக்கும், புகை அதிகம் வராத மருந்து.

4. குண்டு: முனையில் செருகியிருக்கும் உலோகத் துண்டு. பறந்துபோவது இது மட்டும்தான்.

டிரிகரை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒரு ஊசி பிரைமரைக் குத்தும். அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கும். மருந்து எரிந்து, நொடியில் ஒரு சின்னப் பங்கு நேரத்தில் வாயுவாகி விரியும். அந்த அழுத்தம் குண்டைக் குழல் வழியாக வெளியே தள்ளும். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும், அல்லது சுட்டவரின் பக்கத்தில் விழும். அடுத்த முறை ஏதாவது படத்தில் கூட்டோடு சேர்த்து முழுத் தோட்டாவும் ஸ்லோமோஷனில் பறந்துவந்தால், தாராளமாகச் சிரிக்கலாம்.

இன்னொரு விஷயம். ரைஃபிள், பிஸ்டல் குழல்களின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. திருகாணி மாதிரி வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் உரசிச் சுழன்றபடி வெளியே வருவதால்தான் நேராகப் போகிறது. அந்த உரசல் கோடுகள் குண்டின் மேல் பதியும். குத்திய ஊசியின் தடம் பிரைமரில் பதியும். சம்பவ இடத்தில் கிடைக்கும் வெற்றுக்கூட்டைக்கூட போலீஸ் பத்திரமாக எடுத்துவைப்பது இதற்காகத்தான். எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று தடயவியல் துறையினர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தடங்கள் உதவும்.

ஒரு லோக்கல் தகவல். ஊட்டி மலை ரயிலில் குன்னூர், வெலிங்டன் தாண்டியதும் அரவங்காடு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கும் கார்டைட் தொழிற்சாலை, பிரிட்டிஷ் காலத்திலேயே தொடங்கப்பட்டது. கார்டைட் என்பது கயிறு போன்ற இழைகளாகத் தயாரிக்கப்பட்ட புகையில்லா வெடிமருந்து. தொழிற்சாலையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

நம்பர்களின் கதை

9 எம்.எம் என்றால் குண்டின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர். 5.56, 7.62 எல்லாமே இதே கணக்குதான். .22, .32, .303 என்று புள்ளி வைத்து எழுதினால் அது அங்குலக் கணக்கு. .22 என்றால் சுமார் 5.6 மி.மீ. .303 என்றால் சுமார் 7.7 மி.மீ.

அப்போ, 7.62 போட்டிருக்கும் எல்லாத் தோட்டாவும் ஒண்ணா? இங்கேதான் கேம் உங்களை ஏமாற்றுகிறது. பி.ஜி.எம்.ஐ-யில் ஒரே 7.62 தோட்டாவை ஏ.கே.எம், எஸ்.எல்.ஆர், கார் 98கே மூன்றிலும் போட்டுச் சுடலாம். நிஜத்தில் ஏ.கே.எம்முக்கு 7.62x39. எஸ்.எல்.ஆருக்கு 7.62x51. கார் 98கே-யின் தோட்டா 7.62-வே கிடையாது, அது 7.92x57. பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் நம்பர், கூட்டின் நீளம். குண்டின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் கூட்டின் நீளம் மாறினால் அது வேறு தோட்டா. ஒன்றை இன்னொன்றில் போட முடியாது.

கூடு நீளமானால் மருந்து அதிகம் பிடிக்கும், வேகமும் கூடும். 9 எம்.எம் பிஸ்டல் குண்டு நொடிக்குச் சுமார் 350 முதல் 400 மீட்டர் வேகத்தில் போகும். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளில் பயன்படும் 5.56x45, அதைவிட ஒல்லியான குண்டு. ஆனால், அதன் வேகம் நொடிக்குச் சுமார் 900 மீட்டர். ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர்தான். அதாவது, சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு வந்து சேர்ந்துவிடும். 'சத்தம் கேட்டதும் குனிஞ்சு தப்பிச்சேன்' என்று ஹீரோ சொன்னால், ஸ்க்ரிப்ட்டுக்கு நன்றி சொல்லணும்!

அடியில் அடி... இரண்டு வகை

பிரைமர் இருக்கும் இடத்தை வைத்தும் தோட்டாக்களைப் பிரிக்கலாம். கூட்டின் நடுவில் தனி வட்டமாக பிரைமர் இருந்தால் அது சென்டர்ஃபயர். பிஸ்டல், ரைஃபிள் தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அடிப்பக்க விளிம்பின் உள்ளேயே பிரைமர் ரசாயனம் பரவியிருந்தால் அது ரிம்ஃபயர். .22 தோட்டா இதற்கு நல்ல உதாரணம். சின்னது, விலை குறைவு, பின்னுதைப்பும் குறைவு. அதனால் விளையாட்டுப் போட்டிகளில் இதுதான் ராஜா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டி, .22 தோட்டாக்களால் ஆடப்படுவதுதான்.

'சின்னதுதானே' என்று இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது. தோட்டாப் பெட்டிகளிலேயே அந்த எச்சரிக்கையை அச்சடிப்பார்கள்.

முனை மாறினால் காயம் மாறும்

குண்டின் வடிவம் சும்மா ஸ்டைலுக்காக மாறுவதில்லை.

ஃபுல் மெட்டல் ஜாக்கெட்: உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவையில் ஒரு கவசம். உடலில் பாய்ந்தாலும் பெரும்பாலும் விரியாமல் போகும். ராணுவங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது இது.

சாஃப்ட் பாயின்ட்: முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் நசுங்கி விரியும்.

ஹாலோ பாயின்ட்: முனையில் குழி இருக்கும். பட்டதும் பூப்போல விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். பல நாடுகளின் போலீஸார் இதைப் பயன்படுத்துகிறார்கள். விரிவதால் குண்டின் வேகம் உடலுக்குள்ளேயே தீர்ந்துவிடும், ஊடுருவிப்போய் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறையும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

ஆர்மர் பியர்சிங்: கவசத்தைத் துளைக்க, உள்ளே கடினமான ஸ்டீல் அல்லது டங்ஸ்டன் வைத்தது.

டிரேசர்: அடிப்பகுதியில் எரியும் ரசாயனம் இருக்கும். குண்டு போகும் பாதை இரவில் ஒளிக்கோடாகத் தெரியும்.

விரியும் குண்டுக்கு உலகம் முழுக்க இருக்கும் செல்லப்பெயர் 'தம் தம்'. இது நம்ம ஊர்ப் பெயர் தெரியுமா? கொல்கத்தா விமான நிலையம் இருக்கிற அதே தம் தம்தான். அங்கே இருந்த பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையில், 1890-களில் .303 தோட்டாவுக்காக இந்த மாதிரி முனையை உருவாக்கினார்கள். அது உண்டாக்கிய காயங்கள் ஐரோப்பாவில் எதிர்ப்பைக் கிளப்பின. 1899-ல் ஹேக் மாநாட்டில், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. ராணுவங்கள் இன்றுவரை ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டையே நம்பியிருப்பதற்கு அந்தப் பிரகடனம் ஒரு முக்கியக் காரணம்.

தோட்டா இந்திய வரலாற்றை மாற்றியது அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பொறி வைத்தது என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டா. அதைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்திதான் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தது.

12 போர்: நம்பர் குறைந்தால் சைஸ் பெருசு

ஷாட்கன் தோட்டாவின் கணக்கே தனி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ, அது 12 போர். 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சின்னதாகும் இல்லையா? அதனால் 20 போர் என்பது 12 போரைவிடச் சின்னக் குழல். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.

இதன் தோட்டா கலர் பிளாஸ்டிக் குழாய் மாதிரி இருக்கும், அடியில் மட்டும் உலோகம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்து மூன்று வகை. நிறைய பொடி ரவைகள் இருந்தால் பேர்ட்ஷாட். எண்ணிக்கை குறைவாக, பெரிய உருண்டைகள் இருந்தால் பக்‌ஷாட். ஒரே ஒரு கனமான குண்டு இருந்தால் ஸ்லக்.

ஒலிம்பிக்ஸில் வானில் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் 24 கிராம் ரவை கொண்ட 12 போர் தோட்டாதான். புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான் இந்த ஆட்டத்தில்தான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போனார்.

ரவை சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று அர்த்தமில்லை. கூட்டத்தைக் கலைக்க காஷ்மீரில் பயன்படுத்தப்பட்ட பெல்லட் துப்பாக்கிகள் இந்த வகைதான். 2016-ல் அங்கே பலர் கண்பார்வையை இழந்தார்கள். ரவை பரவிப் போகும். யார்மேல், எங்கே படும் என்பது சுடுபவரின் கையில் இல்லை.

நம்ம ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வரும் 'பால்ரஸ் குண்டு'ம் இந்தக் குடும்பம்தான். நாட்டுத் துப்பாக்கியில் முழுத் தோட்டா கிடையாது. மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகத் தனித்தனியாக நிரப்பும் பழைய முறை அது. அளவு தப்பினாலோ, குழல் பழசாகியிருந்தாலோ சுட்டவர் முகத்திலேயே வெடித்துவிடும்.

மருந்தே இல்லாத குண்டு

மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் இல்லையா? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இரண்டு ஒலிம்பிக்ஸ் பார்த்தவர். இவர்கள் பயன்படுத்துவது 4.5 மி.மீ பெல்லட். இடுப்பு சிறுத்த, குட்டி உடுக்கை மாதிரியான ஈயத் துண்டு. மருந்து, பிரைமர், கூடு எதுவும் கிடையாது. அழுத்திய காற்றுதான் தள்ளுகிறது. 10 மீட்டர் தூரத்திலிருந்து இளவேனில் குறிவைக்கும் '10 பாயின்ட்' புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்!

துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் இருந்தால், முறையான ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, கோச்சின் பார்வையில் ஏர் ரைஃபிளில் தொடங்குவதுதான் சரியான பாதை. 'ஏர் கன்தானே, எதுக்கும் லைசென்ஸ் வேண்டாம்' என்று நினைத்து ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். அதன் சக்தியையும் விட்டத்தையும் பொறுத்து விதிகள் மாறும்.

பிளாங்க், டம்மி, ரப்பர்... 'டூப்' இல்லை!

பிளாங்க்: கூடு, பிரைமர், மருந்து உண்டு. குண்டு மட்டும் இல்லை. 'அப்போ சேஃப்தானே?' இல்லவே இல்லை. குழலின் முனையிலிருந்து வரும் வாயுவின் அழுத்தமே பக்கத்திலிருந்தால் உயிரைக் குடிக்கும். 1984-ல் ஹாலிவுட் நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம், ஷூட்டிங் இடைவேளையில் பிளாங்க் போட்ட துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக அழுத்தினார். உயிர் போய்விட்டது.

டம்மி: பார்க்க நிஜத் தோட்டா மாதிரியே இருக்கும், மருந்து இருக்காது. 1993-ல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தது, டம்மியும் பிளாங்க்கும் சேர்ந்து செய்த வேலை. டம்மியிலிருந்து கழன்ற குண்டு ஒன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. அதே துப்பாக்கியில் பிறகு பிளாங்க் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு நிஜக் குண்டாகப் பாய்ந்தது. 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் இன்னும் மோசம். டம்மி இருக்க வேண்டிய ரிவால்வரில் நிஜத் தோட்டாவே இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார்.

ரப்பர் குண்டு: பிரிட்டிஷ் ராணுவம் 1970-ல் வட அயர்லாந்தில் பயன்படுத்தத் தொடங்கியது. 'உயிரைப் பறிக்காது' என்று சொல்லப்பட்டாலும், தலையிலும் நெஞ்சிலும் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன.

ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் நண்பர்கள் கவனிக்க: பொம்மைத் துப்பாக்கி வைத்து, சத்தத்தையும் நெருப்பையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

குண்டுக்கு எல்லை தெரியாது

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. சில நாள்கள் சிகிச்சையில் இருந்தவன், 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். அவனுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ரைஃபிள் குண்டு இலக்கைத் தவறவிட்டால் அங்கேயே நின்றுவிடாது. 7.62 போன்ற ராணுவத் தோட்டாவின் குண்டு 3 கிலோமீட்டரைத் தாண்டியும் போகக்கூடியது. பாறையிலோ இரும்பிலோ பட்டுத் தெறித்தால் திசையும் மாறும். அதனால்தான் சுடும் தளங்களுக்கு உயரமான மண்மேடும் தடுப்புச்சுவரும் கட்டாயம். அதனால்தான் கல்யாண ஊர்வலங்களில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் கொலைக்குச் சமமான விளையாட்டு. மேலே போனது கீழே வந்தே தீரும், யாருடைய மொட்டை மாடியிலாவது.

கீசெயின் தோட்டாவும் ஜெயில் வாசலும்

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியே இல்லாமல் ஒரு தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் வழக்கு வரலாம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வழியிருக்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ் இருந்தாலும் எல்லா அளவும் கிடைக்காது. 9 எம்.எம், .303 போல ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் அளவுகள் 'தடைசெய்யப்பட்ட போர்' பட்டியலில் வரும். பொதுமக்களுக்கு .32 ரிவால்வர், .315 ரைஃபிள், 12 போர் போன்றவைதான்.

மிலிட்டரியில் இருந்த மாமாவின் பழைய பையைக் கடன் வாங்கி ஃப்ளைட் ஏறுகிறீர்களா? ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பாருங்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால், ஃப்ளைட் போய்விடும், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பீர்கள். 'எனக்குத் தெரியாமலே இருந்தது' என்று நிரூபித்தால், தெரிந்தே வைத்திருக்கவில்லை என்ற அடிப்படையில் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்ததுண்டு. ஆனால், அதுவரை வக்கீல், வாய்தா, பாஸ்போர்ட் டென்ஷன் எல்லாம் உங்கள் தலையில்தான். தோட்டா டாலர், கீசெயின் விஷயத்திலும் இதே கவனம் தேவை. அது பொம்மையா, நிஜமா என்று உங்களுக்கே தெரியாதபோது பாதுகாப்பு அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

கையில் கிடைத்தால் என்ன செய்வது?

* தொடாதீர்கள். அடிப்பகுதியைத் தட்டுவது, சுத்தியலால் அடிப்பது, பல்லால் கடிப்பது... எதுவும் வேண்டாம். பிரைமருக்கு வேண்டியது ஒரே ஒரு அடி.

* நெருப்பில் போடாதீர்கள். துப்பாக்கி இல்லாமலும் தோட்டா வெடிக்கும். குழல் இல்லாததால் கூடு சிதறி, பித்தளைத் துண்டுகள் நாலாபக்கமும் பாயும்.

* துரு ஏறியது, பழசு என்று நம்பாதீர்கள். பல ஆண்டுகள் கழித்தும் மருந்து உயிரோடு இருக்கலாம்.

* குழந்தைகளை விலக்குங்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள்.

* ரீல்ஸ், ஸ்டேட்டஸ், செல்ஃபி வேண்டவே வேண்டாம். அந்த போட்டோவே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம்.

* சுடும் தளத்துக்குப் பக்கத்து ஊரா? பழைய இரும்புக்காக அந்தப் பக்கம் போகும் பழக்கத்தை வீட்டில் யாருக்கும் வர விடாதீர்கள். அங்கே கிடக்கும் எல்லாமே வெற்றுக்கூடு அல்ல.

கேமில் செத்தால் அடுத்த மேட்ச்சுக்கு 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தலாம். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத ஈயத் துண்டுக்கு அந்த பட்டன் கிடையாது. இன்னிக்கு நைட் 'டிராப் பண்ணுடா' என்று குரல் கேட்டால், அந்த பிளேயருக்கு இந்தக் கட்டுரையை ஃபார்வர்டு பண்ணிவிடுங்கள்!